பேட்ஜர் வளைக்கு முன்னால் கேமரா வைப்பதால் யாருக்கு என்ன பயன்?

வட இங்கிலாந்தில் டர்ஹம் பக்கம் புதிதாகக் குடியேறிய ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் ஊர் இயற்கைக் குழு பேட்ஜர் கண்காணிப்புக்குத் தன்னார்வலர்களைத் தேடுகிறது. காட்டோரம் கேமரா கட்டிவிட்டு, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் மெமரி கார்டை மாற்றிக்கொண்டு வரவேண்டுமாம். நான் ஐடி ஆள், விலங்கியல் படித்ததில்லை. இதனால் உருப்படியான பயன் உண்டா, இல்லை வெறும் பொழுதுபோக்கா? எத்தனை பேட்ஜர் இருக்கின்றன என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா? மாட்டுக் காசநோய்ச் சண்டையில் இது எங்கே வருகிறது?” மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். முறையாகப் படிக்காத ஒருவர் எடுத்த படத்தை நம்பி யாராவது ஒரு முடிவுக்கு வருவார்களா? வருவார்கள். ஆனால் அந்த நம்பிக்கை படத்தைவிட, படத்தோடு நீங்கள் எழுதிக் கொடுக்கும் குறிப்பின் மேல்தான் நிற்கிறது. வட இங்கிலாந்தில் தன்னார்வலர்கள் அனுப்பும் படங்களைச் சரிபார்ப்பது சில ஆண்டுகளாக என் வேலை. அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், படிக்கிற மற்றவர்களுக்காக விலங்கைப் பற்றிக் கொஞ்சம். இங்கே பேசுவது ஐரோப்பிய பேட்ஜரை. சிலர் வளைக்கரடி என்று எழுதுகிறார்கள். நம் நாட்டுக் காடுகளில் இருக்கும் தேன் வளைக்கரடி, அதாவது ரேட்டல், வேறு விலங்கு. பேட்ஜர் சுமார் 8 முதல் 12 கிலோ எடை இருக்கும். குட்டைக் கால், சாம்பல் உடம்பு, வெள்ளை முகத்தில் கண் வழியாக ஓடும் இரண்டு கறுப்புப் பட்டைகள். மண்ணைத் தோண்டி, பல வாய்கள் உள்ள வளைகளில் கூட்டமாக வாழும். நல்ல மண் கிடைத்த வளையைத் தலைமுறை தலைமுறையாக விடாது. இரவில்தான் வெளியே வரும், முக்கியமான சாப்பாடு மண்புழு. குளிர்காலத்தில் முழுசாகத் தூங்கிவிடாது, ஆனால் சோம்பிப்போகும். பல இரவு வெளியே தலைகாட்டாது. இந்தக் கடைசி விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேமராவுக்கு வருவோம். அது விலங்கைப் ‘பார்த்து’ படம் எடுப்பதில்லை. முன்பக்கம் இருக்கும் சென்சார், தன் எதிரே வெப்பம் இடம் மாறுவதை உணர்கிறது. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒரு உடம்பு குறுக்கே நகர்ந்தால் கேமரா விழித்துக்கொள்ளும். அதனால்தான் வெயில் பட்ட புல் காற்றில் ஆடினால் நூற்றுக்கணக்கில் வெற்றுப் படங்கள் விழுகின்றன. அதனால்தான் கேமராவை நோக்கி நேராக நடந்து வரும் விலங்கைவிடக் குறுக்கே போகும் விலங்கு சுலபமாகச் சிக்குகிறது. பாதைக்குச் செங்குத்தாகவோ பாதையை நேராகப் பார்த்தோ வைக்காமல், கொஞ்சம் சாய்வாக வையுங்கள். பேட்ஜரின் தோள் உயரமே ஒரு அடிதான், ஆகவே கேமரா முழங்காலுக்கு மேலே போகவேண்டாம். பாதையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி இருந்தால் போதும். மிக அருகில் வைத்தால் இரவு விளக்கில் முகம் வெள்ளையாக வெடித்துவிடும், பட்டை தெரியாது. லென்ஸ் வடக்குப் பக்கம் பார்த்தால் சூரியன் தொல்லை குறைவு.

இரவு விளக்கில் இரண்டு வகை உண்டு. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு தூரம் போகும், ஆனால் எரியும்போது மங்கலான சிவப்புப் பொட்டு வெளியே தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு மனிதக் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அவ்வளவு தூரம் எட்டாது. பேட்ஜருக்கு எது தொந்தரவு குறைவு என்பதில் ஆளுக்கொரு கருத்து. நான் வளை அருகே என்றால் 940-ஐத்தான் சொல்வேன். அதில் பாதிக் காரணம் பேட்ஜர், மீதிக் காரணம் திருடர்கள். இருட்டில் சிவப்புப் பொட்டு தெரிந்தால் கேமரா காணாமல் போகும்.

இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். கையேட்டில் ஒரு வரியில் முடிந்துபோகும், ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம் வேறு: பேட்ஜர் வராத இரவுகள். தன்னார்வலர்கள் அனுப்பும் கோப்புகளில் பெரும்பாலும் நல்ல படங்கள் மட்டும் இருக்கும். “இதோ மூன்று பேட்ஜர், இதோ ஒரு நரி” என்று. வெற்றுப் படங்களை அழித்திருப்பார்கள். கேமரா என்றைக்குக் கட்டப்பட்டது, என்றைக்குக் கழற்றப்பட்டது, நடுவில் பேட்டரி எப்போது செத்தது என்று எதுவும் இருக்காது. அப்படிப்பட்ட கோப்பை வைத்துக்கொண்டு என்னால் செய்ய முடிவது, “இந்த இடத்தில் பேட்ஜர் உண்டு” என்று வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பது மட்டும்தான். பத்து இரவில் நான்கு இரவு வந்ததா, நாற்பது இரவில் நான்கு இரவு வந்ததா என்பது தெரியாவிட்டால் போன வருஷத்தோடு இந்த வருஷத்தை ஒப்பிடவே வழியில்லை. கேமரா உயிரோடு இருந்தும் எதுவும் வராத இரவு ஒரு தகவல். கேமரா செத்துக்கிடந்ததால் எதுவும் வராத இரவு தகவலே இல்லை. கார்டில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். வித்தியாசம் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

சரி, அதற்கு என்ன செய்வது? கேமராவைக் கட்டியதும் அதன் முன்னால் நடந்து, கையில் தேதி நேரம் எழுதிய தாளைக் காட்டி ஒரு படம் விழ வையுங்கள். கழற்ற வரும்போதும் அதேபோல் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் கேமரா வேலை செய்ததற்கு அதுவே சாட்சி. தாளில் இருக்கும் நேரமும் படத்தின் ஓரத்தில் விழுந்திருக்கும் நேரமும் ஒத்துப்போகிறதா என்றும் அங்கேயே தெரிந்துவிடும். பேட்டரி மாற்றும்போது சில மாடல்களில் கடிகாரம் ஏதோ ஒரு பழைய வருஷத்தின் ஜனவரி 1-க்குப் போய்விடும்; யாரும் கவனிக்க மாட்டார்கள். இன்னொன்று, பிரிட்டனில் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துகிறார்கள். கேமராவை வருஷம் முழுக்கக் கிரீன்விச் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். அந்தி சாய்ந்து எவ்வளவு நேரம் கழித்து பேட்ஜர் வெளியே வருகிறது என்று யாராவது கணக்குப் போடும்போது அந்த ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நீங்கள் ஐடி ஆள் என்பதால் இந்த நேர மண்டலத் தலைவலியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விலங்கியல் படித்த பலரைவிட நீங்கள் இதைச் சரியாகச் செய்வீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்து, எத்தனை பேட்ஜர் என்ற கேள்வி. இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரே இரவில் 30 வீடியோ விழுந்தால் 30 பேட்ஜர் ஆகிவிடாது. அடுக்குமாடி வாசலில் இருக்கும் காலிங்பெல் கேமராவில், பால் வாங்க, குப்பை போட, சிகரெட் பிடிக்க என்று ஒரே ஆள் பத்துத் தடவை பதிவாவது மாதிரிதான் இது. புலியாக இருந்தால் உடம்பின் வரிகளை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990-களில் கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் தொடங்கிய கேமரா கணக்கெடுப்பு முறை அதை நம்பித்தான் நிற்கிறது. பேட்ஜருக்கு அந்த வசதி இல்லை. இரவுப் படத்தில் எல்லா முகமும் ஒரே அச்சு. காது கிழிந்தது, வாலில் ரோமம் உதிர்ந்தது, பின்புறத்தில் கடிபட்ட வடு என்று ஒன்றிரண்டை அடையாளம் வைத்துக்கொள்ளலாம். சில வாரங்களில் வடு ஆறிவிடும், ரோமம் மாறும், அப்புறம் உறுதியாகச் சொல்ல முடியாது. “எங்கள் வளையில் ஏழும் எனக்குத் தெரியும்” என்று பெயர் வைத்துச் சொல்லும் தன்னார்வலர்களைப் பார்த்திருக்கிறேன். அன்பு புரிகிறது. அந்த ஏழு என்ற எண்ணை மட்டும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாட்டேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது, குறைந்தபட்ச எண்ணிக்கை. ஒரே சட்டகத்துக்குள் ஒரே நேரத்தில் ஐந்து பேட்ஜர் தெரிந்தால் அங்கே ஐந்துக்குக் குறையவில்லை. அதை யாரும் மறுக்க முடியாது. குட்டிகளுக்கும் அப்படியே. பெரும்பாலும் பிப்ரவரியில் வளைக்குள் பிறந்து, ஏப்ரல் வாக்கில் வெளியே தலைகாட்டும். மே, ஜூனில் பெரியவற்றோடு நிற்கும்போது அளவிலேயே வித்தியாசம் தெரியும். இலையுதிர் காலம் வந்துவிட்டால் பிரிப்பது கஷ்டம். ஆகவே அந்த வளையில் இந்த வருஷம் குட்டி போட்டதா, குறைந்தது எத்தனை என்பதற்கு வசந்த காலத்துக் கேமராவைப்போல நல்ல சாட்சி, தொந்தரவில்லாத சாட்சி, வேறு இல்லை.

தனித்தனியாக அடையாளம் காணாமலே அடர்த்தியைக் கணக்கிட வழி இருக்கிறது. 2008-இல் ரோக்ளிஃப் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் ஒரு முறையை வெளியிட்டார்கள். விலங்கு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கும், கேமராவின் சென்சார் எவ்வளவு தூரமும் எவ்வளவு கோணமும் எட்டும், எத்தனை முறை விலங்கு குறுக்கே போனது என்ற மூன்றையும் வைத்து, ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று கணக்குப் போடுவது. வாயுக்களில் துகள்கள் மோதிக்கொள்ளும் கணக்கிலிருந்து வந்த யோசனை. ஆனால் அதற்கு ஒரு கறாரான நிபந்தனை உண்டு. விலங்கு எங்கே நடக்கிறது என்று பார்க்காமல் கேமராவை வைக்க வேண்டும். வரைபடத்தில் கட்டம் போட்டு, விழுந்த புள்ளியில், அது முள்புதராக இருந்தாலும், சலிப்பான புல்வெளியாக இருந்தாலும் அங்கேதான். வளை வாசலிலோ பேட்ஜர் பாதையிலோ வைத்த கேமராவின் எண்களை இந்தச் சூத்திரத்தில் போட்டால் பேட்ஜர் மழையே பெய்யும். உங்கள் குழு எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது என்று முதல் நாளே கேளுங்கள். “இந்த வளை பயன்பாட்டில் இருக்கிறதா, குட்டி உண்டா” என்றால் வாசலுக்கு அருகே. “இந்த வட்டாரத்தில் பேட்ஜர் எவ்வளவு பரவலாக இருக்கிறது” என்றால் கட்டத்துப் புள்ளியில். இரண்டையும் ஒரே கேமராவால் செய்ய முடியாது. கட்டத்துப் புள்ளி கிடைத்தவர்கள் பாவம், மாதக்கணக்கில் முயலும் மர அணிலும்தான் பார்ப்பார்கள். அவர்கள் பாதியில் கைவிட்டுவிடாமல் இருப்பதுதான் அந்த ஆய்வின் உயிர்.

நாட்டு அளவில் பேட்ஜர் கணக்கு எப்படி வந்தது என்று பார்த்தாலும் கேமராவின் எல்லை புரியும். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து சுமார் 4,85,000 பேட்ஜர் என்ற 2017-ஆம் ஆண்டு மதிப்பீடுதான் இன்றும் எல்லோரும் சொல்வது. அது கேமராவில் வந்ததல்ல. ஆட்கள் நிலத்தில் நடந்து வளைகளை எண்ணி, சுமார் 71,600 கூட்டங்கள் என்று கணக்கிட்டார்கள். அப்புறம் முள்கம்பியில் சிக்கிய ரோமத்தின் டி.என்.ஏ.வை வைத்து ஒரு கூட்டத்தில் சராசரி ஏழுக்குச் சற்றுக் குறைவு என்று கண்டு இரண்டையும் பெருக்கினார்கள். அந்த மதிப்பீட்டின் வரம்பே 3,91,000 முதல் 5,81,000 வரை. அவ்வளவு உழைப்புக்குப் பின்னும் இவ்வளவு அகலமான வரம்பு. கேமராவால் நன்றாகச் செய்ய முடிவது, அதே இடத்தில் அதே விதத்தில் வருஷா வருஷம் வைத்து, கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது. அதிலும் மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். டிசம்பரில் படம் குறைந்தால் விலங்கு குறைந்துவிட்டது என்று பதற வேண்டாம், மேலே சொன்ன சோம்பல்தான் காரணம். மழை பெய்த இரவில் மண்புழு மேலே வரும். பேட்ஜர் வளை வாசலில் விளையாடாமல் நேராகப் புல்வெளிக்குப் போய்விடும். அன்றைக்கு உங்கள் கேமராவில் இரண்டே வீடியோ இருக்கும். ஆனால் பேட்ஜர் நன்றாகச் சாப்பிட்ட இரவு அது.

படத்தில் இருப்பது எது என்று பிரிப்பதில் படிக்காதவரை நம்பலாமா? இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. தான்சானியாவின் செரங்கெட்டியில் 225 கேமராக்கள் எடுத்த லட்சக்கணக்கான படங்களை இணையத்தில் போட்டு, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களைப் பிரிக்கச் சொன்னார்கள். ஒரே படத்தைப் பலர் பார்த்து, பெரும்பான்மை சொன்னதை எடுத்துக்கொண்டபோது, விலங்கு எது என்பதில் நிபுணர்களோடு சுமார் 97 சதவீதம் ஒத்துப்போனது. எத்தனை விலங்கு என்பதில் சுமார் 90 சதவீதம்தான். எண்ணுவதுதான் கஷ்டம், பெயர் சொல்வது இல்லை. உங்கள் டர்ஹமிலேயே பல்கலைக்கழகமும் அங்குள்ள வனவிலங்கு அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கிய மேமல்வெப் என்ற திட்டம் இதே வழியில் போகிறது. யாரும் தங்கள் கேமராப் படங்களை ஏற்றலாம், யாரும் பிறர் படங்களைப் பிரிக்கலாம். ஒரு தனி ஆளின் கண்ணை நம்புவதைவிட நாலு பேர் கண்ணை நம்புவது நல்லது, அந்த நாலு பேரில் ஒருவர்கூட நிபுணராக இல்லாவிட்டாலும். இப்போது மெகாடிடெக்டர் மாதிரி மென்பொருள்கள் வெற்றுப் படங்களைத் தள்ளிவிடுகின்றன, மனிதர் இருக்கும் படங்களைத் தனியே ஒதுக்குகின்றன. அது பெரிய உதவி. ஆனால் அசல் கார்டை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பழகாதவர் தடுமாறும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். அக்டோபர் இரவு வீடியோ. பெரிய சாம்பல் நிறக் குவியல் ஒன்று பின்புறமாகவே திரைக்குள் நகர்ந்து வருகிறது. தலை தெரியவில்லை, பட்டை தெரியவில்லை. ஒரு தள்ளு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தள்ளு. பிரித்தவர்களில் ஒருவர் “தெரியவில்லை” என்றும் இன்னொருவர் “அடிபட்ட நாய்” என்றும் குறித்திருந்தார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், முகவாய்க்கும் முன்னங்காலுக்கும் நடுவே ஒரு கட்டுக் காய்ந்த புல் இருக்கிறது. பேட்ஜர் படுக்கைக்குப் புல் சேர்த்து, அணைத்தபடி பின்னாலேயே நடந்து வளைக்குள் இழுத்துப்போகிறது. இது அதிகம் எடை போடவேண்டிய பதிவு. சும்மா எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் வளைக்குப் பேட்ஜர் இவ்வளவு மெனக்கெடாது. புதுப் படுக்கை போகும் வளையில் ஆள் குடியிருக்கிறது. ஆகவே குறிப்பேட்டில் விலங்கின் பெயரோடு அது என்ன செய்தது என்றும் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

மாட்டுக் காசநோய் விவகாரம் நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்ஜருக்கும் மாட்டுக்கும் நடுவே இந்த நோய் இரு திசையிலும் பரவக்கூடும் என்பது நிலைநாட்டப்பட்டது. எந்தத் திசையில் எவ்வளவு, பேட்ஜரைக் கொன்றால் நோய் எவ்வளவு குறையும் என்பதில்தான் சண்டை. இங்கிலாந்தில் 1998 முதல் 2005 வரை நடந்த பெரிய கள ஆய்வில் சுமார் 11,000 பேட்ஜர்கள் கொல்லப்பட்டன. கொன்ற பகுதிக்குள் மாட்டு நோய் குறைந்தது, சுற்றியுள்ள பகுதியில் கூடியது. மிஞ்சிய பேட்ஜர்கள் கலைந்து திரிந்தது காரணம் என்றார்கள். 2007-இல் அந்த ஆய்வுக் குழு, கொல்வது பெரிதாக உதவாது என்று எழுதியது. அரசு பிறகு வேறு முடிவெடுத்து 2013-இல் கொல்லும் திட்டத்தைத் தொடங்கியது. இதுவரை 2 லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டிருக்கின்றன. அதனால் மாட்டு நோய் எவ்வளவு குறைந்தது என்பதில் ஆய்வாளர்களே இன்னும் இரண்டு பக்கம் நிற்கிறார்கள், நான் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை. 2024-இல் அரசு, கொல்வதை இந்த நாடாளுமன்றக் காலத்துக்குள் முடித்துக்கொண்டு தடுப்பூசிப் பக்கம் போவதாகவும், பத்து வருஷத்துக்கு மேல் நடக்காமல் இருந்த பேட்ஜர் தொகைக் கணக்கெடுப்பை மறுபடி நடத்துவதாகவும் அறிவித்தது. இதில் கேமராவுக்கு என்ன வேலை என்றால், தடுப்பூசி போடக் கூண்டு வைக்கும் முன் எந்த வளை பயன்பாட்டில் இருக்கிறது, குறைந்தது எத்தனை இருக்கின்றன என்று பார்ப்பது. அவ்வளவுதான். ஒரு பேட்ஜருக்குக் காசநோய் இருக்கிறதா என்று கேமராப் படம் சொல்லாது. இளைத்துப்போன பேட்ஜரைக் காட்டி யாராவது “இதோ நோய்” என்றால் நம்பாதீர்கள். வயசு, பல் தேய்மானம், வறட்சி, சண்டைக் காயம் எதுவும் காரணமாக இருக்கலாம்.

சட்டத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1992-ஆம் ஆண்டின் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி, பேட்ஜரைத் துன்புறுத்துவது மட்டுமல்ல, பயன்பாட்டில் உள்ள வளையைச் சேதப்படுத்துவது, வாயை அடைப்பது, உள்ளே இருக்கும் பேட்ஜரைத் தொந்தரவு செய்வது எல்லாமே குற்றம், சிறை வரை போகும். கேமராவுக்கு மறைப்பாக இருக்கிறது என்று வளை வாசல் செடியைப் பிடுங்காதீர்கள், வளை மேட்டின் மேல் ஏறாதீர்கள், கம்பம் அடிக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி இருக்கும் மரத்தில் வாரால் கட்டினால் போதும். கடலை போட்டு வரவழைக்கும் ஆசையும் வேண்டாம். நீங்கள் அளக்க வந்த பழக்கத்தையே அது மாற்றிவிடும்.

இடத்தை ரகசியமாக வைப்பதும் அதே அளவு முக்கியம். நாயை விட்டு பேட்ஜரைக் கடிக்கவிடும் விளையாட்டை 1835-லேயே தடை செய்தார்கள், இன்னும் ஒழியவில்லை. செல்போனில் எடுத்த படத்தை வாட்ஸாப் குழுவில் போடும்போதோ முகநூலில் ஏற்றும்போதோ இடக்குறிப்பை நீக்குங்கள். பின்னணியில் தெரியும் வேலி, பாலம், தேவாலயக் கோபுரத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். வழியில் போகும் மனிதர்கள் கேமராவில் விழுந்தால் அந்தப் படங்களை யாருக்கும் அனுப்பாமல் குழுவின் விதிப்படி அழித்துவிடுங்கள். ஆனால் மண்வெட்டியும் நாயுமாக இரவில் யாராவது வந்து நின்றால் அந்தப் படத்தை அழிக்காமல், நீங்களே போய்க் கேட்காமல், ஒருங்கிணைப்பாளர் வழியாகக் காவல்துறைக்குக் கொடுங்கள்.

சேருவதாக இருந்தால் பிப்ரவரியிலேயே பேசுங்கள். நிலத்துக்காரரின் அனுமதியை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். மார்ச்சில் கேமராவை வீட்டுத் தோட்டத்தில் இரண்டு இரவு ஓடவிட்டுப் பழகுங்கள். நரியும் முள்ளெலியும் பூனையும் வரும், அளவைப் பார்த்துக் கண் பழகும். ஏப்ரல் நடுவில் வளைப் பக்கம் கட்டினால் குட்டிகள் வெளியே வரத் தொடங்கும் சமயம். லித்தியம் பேட்டரி விலை கூடுதல், ஆனால் அந்த ஊர்க் குளிரில் சாதா பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்.